கைத்தொழில் பகுதி: கம்பி அணிகள் செய்யத் தொடங்குவோர்க்கு



குடும்பத்தோடு கழக்கூட்டத்தில் வந்து குடியேறும்பொழுது, ஊரில் தாம் பார்த்து வந்த வேலையை விட்டு வந்த பெண்மணிகள் நம்மிடையே உண்டு. கணவர் டெக்னோபார்க்கிற்கும் குழந்தைகள் பள்ளிக்கும் சென்றபின், தம் கையாலும் சிறு வருவாய் ஈட்ட வேண்டுமென அவர்கள் விரும்புவது இயல்பே. அதற்கு ஏற்ற தொழில்களுள் கம்பி அணி செய்தலும் ஒன்று.

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் பொற்கொல்லர்க்கு நெருப்பும் பற்றாசும் இன்றியமையாதவை. நாம் கூறும் தொழிலுக்கோ நெருப்பே வேண்டுவதில்லை. கம்பியை வளைத்தும் சுற்றியும் மணி கோத்தும் தொங்கட்டான், பதக்கம் முதலியன செய்துவிடலாம். வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையே போதும். ஆயினும் தொடங்கிய சிலர், “எனக்குக் கை வரவில்லை” என்று விரைவில் விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை. முதல் நாள் வாங்கிய பொருளில் இருக்கின்றது.

முதலில் கருவி. வேண்டுவன மூன்றே: கண்ணி வளைக்க உருண்டை மூக்குக் குறடு, பிடித்து மடக்கத் தட்டை மூக்குக் குறடு, ஒரு வெட்டுக் குறடு. மின்பணியாளர் குறட்டின் வாயில் பல் இருக்கும். அது கம்பியில் தழும்பு பதிக்கும். வழவழப்பான வாயுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரு தாடைகளும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டும்பொழுது துண்டு தெறிக்கும். ஆதலின் நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து, கண்ணாடி அணிந்து வெட்டுதல் நலம். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் குறடுதான், கம்பியன்று.

இனிக் கம்பி. வெள்ளியில் தொடங்காதீர்கள், செம்பே தக்கது. செம்பு வளைக்க வளைக்க இறுகும். பொற்கொல்லர் அதனை நெருப்பிலிட்டு மீண்டும் இளக்குவார். நமக்கு அவ்வழி இல்லை. பன்முறை வளைத்து நிமிர்த்திய கம்பி ஒடிந்துபோகும். எனவே, பிழைத்த துண்டை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். தயங்காமல் ஒதுக்க முடிகின்ற விலையில் கம்பி இருந்தால்தான் கை பழகும்.

கழக்கூட்டத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், எழுத்தாளர் ஆ. மாதவன் தம் கதைகளில் வரைந்த சாலைக் கடைத்தெரு இருக்கின்றது. அத்தகைய கடைவீதியின் மின்பொருள் கடைகளில், மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியை விசாரியுங்கள். அது மென்மையானது, மேற்பூச்சு இருப்பதால் எளிதில் கறுக்காது. ஆனால் அப்பூச்சை நெருப்பில் எரிக்கலாகாது, புகை கெடுதி. 0.9 மில்லிமீட்டர் கம்பி 100 கிராம் வாங்கினால் ஏறக்குறைய 17 மீட்டர் இருக்கும். ஒரு ஜோடித் தொங்கட்டானுக்கு 30 சென்டிமீட்டர் செலவானாலும் 50 ஜோடிக்கு மேல் செய்யலாம். மணிகளைச் சுற்றிக் கட்ட 0.4 மில்லிமீட்டர் கம்பியும் சிறிது வேண்டும்.

கம்பியை எண் சொல்லி வாங்குவோர் ஏமாறுவதுண்டு. நம் கடைகளில் வழங்கும் பிரிட்டிஷ் அளவில் 20ஆம் எண் 0.91 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் அதே எண் 0.81 மில்லிமீட்டர். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துச் செய்வோர்க்கு மணியின் துளையில் கம்பி நுழையாமற்போவது இதனாலேயே. எண்ணை விட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. காதுத் துளைக்குள் நுழையும் கொக்கியை மட்டும் செம்பிலோ மலிவான கலப்பு உலோகத்திலோ செய்யாதீர்கள். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் இல்லை. நிக்கல் ஒவ்வாதவர்க்குக் காது அரித்துப் புண்ணாகும். 925 முத்திரையுள்ள வெள்ளிக் கொக்கியை வாங்கிப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் காது புண்பட்டால், அவர் மறுமுறை நம்மிடம் வாங்கமாட்டார் என்பது மட்டுமன்று. அவர் முகத்தைப் பார்ப்பதும் நமக்குக் கடினமாகும்.

இத்திங்கள் கருவிகளை வாங்கி, ஒரே அளவில் 20 கண்ணிகள் வளைத்துப் பழகுங்கள். உருண்டை மூக்கில் மையால் ஒரு கோடிட்டு, எப்பொழுதும் அவ்விடத்திலேயே வளைத்தால் அளவு மாறாது. அக்கண்ணிகளைக் கோத்துச் சங்கிலியாக்கும் முறையை அடுத்த இதழில் காண்போம்.