நாள் தள்ளிப்போகும் முன்பே

நம் மகப்பேறு நலத்திட்டங்கள் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன பிறகே கணக்கைத் தொடங்குகின்றன. முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் போதும். கருவோ அவ்வளவு காத்திருப்பதில்லை. கருத்தரித்த மூன்றாவது வாரத்திலேயே அது மூன்று அடுக்குகளாகிவிடுகிறது. அக அடுக்கிலிருந்து கல்லீரல், கணையம், குடலின் உட்சுவர். நடு அடுக்கிலிருந்து இதயம், சிறுநீரகம், எலும்பு. புற அடுக்கிலிருந்து மேல்தோல், மூளை, தண்டுவடம் உருவாகின்றன. புற அடுக்கின் ஒரு பகுதி மடிந்து குழாயாகி, 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை தண்டுவடப் பிளவோடு பிறக்கும். அல்லது மூளையே வளராமலும் போகலாம். நாள் தள்ளி இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. பல பெண்கள் சந்தேகப்படக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கலாம். ஏற்கெனவே இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்ததாக 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. மற்ற பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராமே நல்ல பலன் தருவதை 1999இல் வெளியான சீன ஆய்வு காட்டியது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையுள்ள கொல்லிமலை போன்ற மலைப்பகுதிக்கு, பிறந்தபின் செய்யும் அறுவை சிகிச்சையைவிட இந்தச் சின்ன மாத்திரையே பெரிய காவல்.

சாமையும் கேழ்வரகும் கீரையும் விளையும் மலைக்கு மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். அந்த உணவு காக்கப்பட வேண்டியதே. ஆனால் சிறுதானியம் விளைந்த நிலங்களில் பலவற்றை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கீரையிலுள்ள ஃபோலேட்டிலும் கணிசமான பங்கு வேகும்போதே போய்விடுகிறது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை ஏற்கெனவே தருகிறோமே என்பது அடுத்த வாதம். 2018இல் வந்த ‘ரத்தசோகையற்ற இந்தியா’ திட்டத்தின் அந்த மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வார மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,800. ரத்தசோகைக்காக வகுத்த மாத்திரை கருவின் தண்டுவடத்தையும் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லாப் பிறவிக் குறைகளும் ஃபோலிக் அமிலத்தால் நீங்கிவிடாது என்பதும் உண்மையே. நீக்கக்கூடியதை விட்டுவைக்க அது காரணமாகாது.

ஆகவே வார மாத்திரையின் அளவை உயர்த்த வேண்டும். புதிதாக மணமான பெண்களுக்குத் தினசரி ஃபோலிக் அமிலத்தைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே கொண்டு சேர்க்க வேண்டும். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்பது அவருக்குத் தெரியும். ஏழாம் மாத வளைகாப்புக்குக் கூடும் அக்கறை, முதல் மாதத்துக்கு முன்பே அந்த வீட்டு வாசலை எட்டட்டும்.