நிவாரண மையத்தில் ஜிம்மிக்கும் ஓர் இடம்

மாணவர்களே, 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்குக் காத்திருந்தார்கள். நம் பக்கம் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களிலும் நீர் புகுந்தது. படகு வந்தபோது, பல வீடுகளில் நாயும் பூனையும் பின்தங்கிவிட்டன.

“உயிர் போகிற நேரத்தில் நாயா முக்கியம்?” என்று சிலர் கேட்பார்கள். மனித உயிர்தான் முதலில், சந்தேகமில்லை. ஆனால் வளர்த்த பிராணியை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்களும் மனிதர்கள்தானே? 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது அப்படித் தங்கியவர்கள் பலர். மறு ஆண்டே, அவசரகாலத் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

இங்கு நிவாரண மையம் என்றால் பெரும்பாலும் பள்ளி அல்லது பொது மண்டபம். பாய் விரித்துக் குழந்தைகள் படுக்கும் மண்டபத்துக்குள் நாயை விட முடியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருப்பார்கள். பிற சமயத்தாரின் உணர்வையும் மதிக்க வேண்டும். ஆனால் பள்ளியின் சைக்கிள் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது? அதில் ஒரு மூலையைப் பிராணிகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிலாங்கூர் ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. கடல் பெருக்கின்போது ஆற்று நீர் வெளியேற முடியாமல் தேங்கும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேற்பகுதியில் பெய்த மழை இரவில் தோட்டத்துக்குள் வந்து நிற்கலாம். அப்போது சங்கிலியில் கட்டிய நாய் என்ன செய்யும்? நாய் நன்றாக நீந்தும். ஆனால் சங்கிலியின் நீளம் வரைதான் அதனால் மிதக்க முடியும். கூட்டிச் செல்ல வழியே இல்லையென்றால் அவிழ்த்தாவது விடுங்கள். ஆடு மாடுகளுக்கும் இதேதான். தோட்டத்தில் மேடான இடம் எது என்பதை வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள்.

பூனை வேறு ரகம். பயந்தால் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாவ்லோவ் நாய்க்கு மணியடித்துச் சோறு வைத்த சோதனையைப் படித்திருப்பீர்கள். அதையே கூடையை வைத்துச் செய்து பாருங்கள். தினமும் கூடைக்குள்ளேயே தீனி வைத்தால், சில வாரங்களில் கூடையைக் கண்டதும் பூனை தானாக ஏறும். ஆபத்து வந்த பிறகு இதைப் பழக்க முடியாது.

ஒரு பையில் தடுப்பூசி அட்டை, சில நாள் தீனி, குடிநீர், கழுத்துப் பட்டை, கயிறு எல்லாம் இருக்கட்டும். பிராணியோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்றும் வேண்டும். காணாமல் போனால் உங்களுடையது என்று காட்ட அதுதான் சாட்சி. வெள்ள நீரை அது குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரா பாக்டீரியா இருக்கலாம். அது நாய்க்கும் வரும், தோலில் உள்ள காயம் வழியாக உங்களுக்கும் வரும். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அடுத்த முறை கால்நடை மருத்துவரிடம் போகும்போது கேளுங்கள்.

சைக்கிள் கொட்டகை விஷயத்தை உங்கள் பள்ளி முதல்வரிடம் யார் கேட்கப் போகிறீர்கள்?