எண்ணெய் போன வழி

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கில் தொடங்கி சயாம் மரண ரயிலில் முடிப்பார்கள். நடுவில் சைக்கிளில் வந்த சிப்பாய்கள் வருவார்கள். கடல் வராது. பெக்கான் நானாஸ் போன்ற அன்னாசி ஊரில் அது இயல்புதான். இங்கே போர் தரைவழியாக வந்தது. ஆனால் இதே பொந்தியான் மாவட்டத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயில் போய் நின்றால், இன்றைக்கும் கண்ணெதிரே எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். இந்த நீர்ப்பரப்பைச் சுற்றி 1942-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள, பீரங்கிகளைவிட எண்ணெயைப் பின்தொடர்வதே நல்ல வழி என்பது என் கட்சி.

ஃப்ரான்கோல் என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது 1917-இல் கட்டப்பட்டது. சுமார் 2,600 டன். எண்ணெய்க் கப்பல்களில் சிறிய ரகம். பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல் அணியைச் சேர்ந்தது. அந்த அணியில் வேலை பார்த்தவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். போர்க்கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் போய், குழாய் நீட்டி, எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்புவதுதான் வேலை. பதக்கம் தேடித்தரும் வேலை இல்லை.

ஆனால் அந்தக் குழாய் இல்லாமல் எந்தக் கடற்படையும் இல்லை என்ற நிலை அதற்குள் வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரிட்டன் தன் பெரிய போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியது. வேகம் கூடியது, கரி அள்ளிப்போடும் ஆட்கள் மிச்சம். விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது: நிலக்கரி சொந்த மண்ணில் வேல்ஸில் கிடைத்தது, எண்ணெயைப் பாரசீகத்திலிருந்தும் கடல் கடந்த பிற இடங்களிலிருந்தும் கொண்டுவர வேண்டும். ஆகவே கிழக்கு நோக்கிய பாதை நெடுகக் கிடங்குகள் எழுந்தன. திருகோணமலையில் இன்றும் வரிசையாக நிற்கும் அந்த ராட்சத எண்ணெய்த் தொட்டிகள் அப்படி வந்தவை. ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, நீரிணையின் எதிர்க்கரையில், செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளமும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

ஜப்பானுக்கும் அதே கவலை. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியதும் டோக்கியோவின் பார்வை சுமத்ராவின் பலேம்பாங் மீதும் போர்னியோ மீதும் விழுந்தது. மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடிக்காமல் அந்த எண்ணெயைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நம் ஊர்களின் வழியாகப் படை இறங்கியதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

1942 ஜனவரி 31-இல் கடைசிப் படைகள் கடந்தபின் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது. அந்த நிமிடமே கடற்படைத் தளம் போர்முனை ஆகிவிட்டது. எதிரி கரையிலிருந்தே குறிபார்த்துச் சுடலாம். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து வானம் கறுத்தது. பிப்ரவரி 9 இரவு கிராஞ்சிப் பக்கம் தொட்டிகளிலிருந்து திறந்துவிடப்பட்ட எண்ணெய் நீரில் பரவித் தீப்பிடித்தது. கரையேற வந்த ஜப்பானியக் காவல் படையினர் சிலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். கப்பலை ஓட்டச் சேர்த்த எண்ணெய் கடைசியில் எதிரியை எரிக்கத்தான் பயன்பட்டது. பிப்ரவரி 14-இல் பலேம்பாங்கில் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள், மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

ஃப்ரான்கோலின் முறை மார்ச் மாதம் வந்தது. ஜாவாக் கடல் போரில் நேச நாடுகள் தோற்றபின், ஜாவாவின் தென்கரையை விட்டு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலை நோக்கி ஒரு சிறு கூட்டம் புறப்பட்டது: ஃப்ரான்கோல், ஆன்கிங் என்ற கிடங்குக் கப்பல், கண்ணிவெடி அகற்றும் ஒரு சிறு படகு. காவலுக்கு யாரா என்ற ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்றே. சிங்கப்பூருக்கு மேற்கே சுல்தான் ஷோல் அருகே பிப்ரவரி 5-இல் எரிந்துகொண்டிருந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா என்ற கப்பலிலிருந்து 1,800-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது இந்த யாராதான்.

மார்ச் 4 விடியலில் வடகிழக்கே கோபுரங்கள் தெரிந்தன. அட்டாகோ, டக்காவோ, மாயா என்ற மூன்று ஜப்பானியக் கனரகக் குரூசர்கள்; ஒவ்வொன்றிலும் பத்து எட்டங்குலப் பீரங்கிகள். கூடவே இரண்டு நாசகாரிக் கப்பல்கள். யாராவிடம் இருந்தவை மூன்று நான்கங்குலப் பீரங்கிகள். யாராவின் கேப்டன் ராபர்ட் ராங்கின் புகைத்திரை விட்டு, மற்றவற்றைச் சிதறிப்போகச் சொல்லி, எதிரிக்கும் அவற்றுக்கும் நடுவே போய் நின்றார். நான்கும் மூழ்கின. யாராவின் 151 பேரில் 13 பேர்தான் கடைசியில் டச்சு நீர்மூழ்கி ஒன்றால் காப்பாற்றப்பட்டார்கள்.

யாராவுக்கு 2014-இல் ஆஸ்திரேலியா வீரத்துக்கான அணிப் பாராட்டு வழங்கியது. தகும். ஃப்ரான்கோல் அந்தக் கதையில் ‘காக்கப்பட வேண்டிய கப்பல்களில் ஒன்று’ என்று வந்து போகிறது. அதே வகையைச் சேர்ந்த ஸ்லாவோலும் மாண்டனோலும் மே மாதம் முடிவதற்குள் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடம் போயின. மார்ச் 1-இல் பெகோஸ் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் ஜாவாவுக்குத் தெற்கேதான் மூழ்கடிக்கப்பட்டது. எண்ணெய்க் கப்பலை அடித்தால் அதை நம்பியிருக்கும் போர்க்கப்பல்களும் முடங்கும் என்பது வேட்டையாடியவர்களுக்குத் தெரியும்.

இதே கணக்கு ஜப்பானுக்கும் திரும்பியது. அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானின் எண்ணெய்க் கப்பல்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தன. தாய்நாட்டில் எரிபொருள் வறண்டதால், 1944-இல் ஜப்பானின் முக்கியக் கப்பற்படை சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்கா தீவுகளருகே, பலேம்பாங் எண்ணெய்க்குப் பக்கத்தில், முகாமிட்டது. அங்கிருந்து புருணைக்குப் போய் எண்ணெய் நிரப்பிக்கொண்டு லெய்டே போருக்குக் கிளம்பியது. அக்டோபர் 23 காலை, பலாவான் கடலில் டார்ட்டர், டேஸ் என்ற இரண்டு அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அட்டாகோ மூழ்கியது. மாயா மூழ்கியது. டக்காவோ நொண்டிக்கொண்டு தப்பியது. ஃப்ரான்கோலைக் கொன்ற மூன்றுக்கும் ஒரே காலையில் கணக்குத் தீர்ந்தது. இதைத் தெய்வ நீதி என்று சொல்ல ஆசை வரும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. எண்ணெய் இருக்கும் இடத்துக்கு எண்ணெய் இல்லாதவர்கள் போயே ஆக வேண்டும், அந்த வழியில் யாராவது காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

டக்காவோவைப் பழுதுபார்த்து ஊருக்கு அனுப்ப முடியவில்லை. செம்பவாங் தளத்தில், ஜொகூர் கரைக்கு எதிரே, விமான எதிர்ப்புப் பீரங்கி மேடையாக அதைக் கட்டிப்போட்டார்கள். 1945 ஜூலை 31-இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த இயன் ஃப்ரேசரின் குட்டி நீர்மூழ்கி அதன் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்தது. மூழ்காளர் ஜேம்ஸ் மக்கெனிஸ் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிச் சுரண்டி வெடிகளைப் பொருத்தினார். இருவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. டக்காவோ சேற்றில் அமர்ந்ததே தவிர கவிழவில்லை. அது ஏற்கெனவே நகர முடியாத கப்பல் என்பதால், இந்தத் துணிச்சலால் போரின் போக்கு மாறியது என்று சொல்ல வழியில்லை. போர் முடிந்தபின் 1946 அக்டோபரில் பிரிட்டிஷார் அதை மலாக்கா நீரிணைக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள்.