லொறியே இல்லமானால்

ஐக்கிய அமெரிக்காவிலே கணவனும் மனைவியுமாக ஒரே லொறியை மாறி மாறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. உதிரிப்பாகமொன்று இன்றித் தொழிற்சாலை நிற்கும்போது, அவ்வவசரச் சரக்கை ஏற்றிச் செல்வோருள் இவர்களும் அடங்குவர். அந்நாட்டுச் சட்டப்படி, தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்த சாரதி பொதுவாக 11 மணி நேரமே ஓட்டலாம். ஒருவர் உறங்க மற்றவர் ஓட்டினால் வண்டி நில்லாது செல்லும். தம்பதியரைக் கம்பனிகள் வருந்தி அழைப்பது இதனாலேயே.

மைலுக்கு இவ்வளவு என்று பெருந்தொகை கூறுவர். அதில் மயங்கலாகாது. சரக்கை இறக்கிய ஊரிலிருந்து அடுத்த சரக்குக்கு வெறும் வண்டியோடு செல்லும் மைலுக்குக் கூலி என்ன? சரக்கின்றி இரண்டு நாள் காத்துக் கிடந்தால்? உவப்பில்லாத பயணத்தை மறுத்தால், அடுத்த அழைப்புத் தாமதிக்குமா? இவற்றை ஆள் சேர்ப்பவரிடமன்று, அக்கம்பனிக்கு ஓட்டும் தம்பதியரிடம் கேட்பதே நன்று.

சொந்த லொறியைக் குத்தகைக்கு விடுவோர்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு. கூலி விபரம் ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும். வருமானத்தில் நூற்றுக்கு இத்தனை என்றால், சரக்குக் கட்டணச் சீட்டின் பிரதியைக் கம்பனி தரல் வேண்டும். பிணைப்பணத்தில் எஞ்சியது, ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் திரும்ப வேண்டும். கணவன் மட்டும் வாசித்து, மனைவி வாசியாமலே கையொப்பமிடுவதை நாம் ஒப்போம். உழைப்பு இருவரதும் அன்றோ!

ஓடும் வண்டியில் இருவருக்கும் உறக்கம் வருமா? வராதெனில் எக்கம்பனியும் பொருந்தாது. பிறர் லொறியைச் சில மாதம் ஓட்டிப் பார்த்த பின்னரே சொந்த லொறிக்குக் கடன்படுக.