கழுத்து வலி சோம்பலா?

விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி, “தோள்பட்டைக்குப் பின்னால் குத்துகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன” என்று சொன்னால் கிடைக்கும் பதில் என்ன? “சுளுக்கு, தைலம் போடு” என்பதுதான். மண்டோர் கடுமையானவராக இருந்தால் சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கும். வெட்டிய பாலுக்கே கூலி என்பதால், தொழிலாளியும் வலியை மறைத்துக்கொண்டு நிரைக்குப் போகிறார்.

இது சோம்பல் அன்று; கழுத்து நரம்பின் வேர் நசுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கழுத்திலுள்ள 7 முள்ளெலும்புகளின் இடைவெளிகள் வழியாகவே கைகளுக்கு நரம்புகள் செல்கின்றன. எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கினாலும், தேய்மானத்தால் எலும்பு முளைவிட்டாலும் அவ்வழி குறுகி, நரம்பு நெருக்குண்கிறது. கோளாறு கழுத்தில்; வலியோ தோள்பட்டையிலும் கையிலும்! ஆறாம் நரம்பானால் கட்டைவிரலும், ஏழாம் நரம்பானால் நடுவிரலும் மரத்துப்போகும்.

தேய்மானம் வயதானால் எவருக்கும் வரும். பழி முழுவதையும் வேலையின்மீது நாம் சுமத்தவில்லை. ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது நரம்பின் வழி மேலும் குறுகுகிறது. நீண்ட கழியில் கத்தி பொருத்தி உயரப் பட்டையை மரம் மரமாக வெட்டுகிறவருக்கும், ஒரே தோளில் காண்டா சுமப்பவருக்கும், மணிக்கணக்கில் தலைகுனிந்து கணக்கு எழுதும் கிராணிக்கும் வலி கூடுவதில் வியப்பென்ன?

அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிறது. ஆனால் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க எவரையும் விடாதீர்கள். கை பலமிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளரின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் இயன்றவரை காப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், வேலையிலுள்ள ஆபத்தை மதிப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பையும் விதித்துள்ளது. உயர வெட்டை ஒருவர் தலையிலேயே கட்டாமல் முறைவைத்துக் கொடுங்கள். பால் சுமக்க வண்டி கொடுங்கள். கிராணிக்குத் தக்க மேசை நாற்காலி கொடுங்கள். நோயுற்றவருக்குக் கூலி குறையாமல் இலேசான வேலை கொடுங்கள். இது தருமமன்று, நியாயம்.

தோழர்களே! வலியை மறைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டி, தேதியுடன் எழுதி வாங்குங்கள். ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நாளை நாம் நிர்வாகத்தின்முன் வழக்குப் பேசும்போது, அந்த எழுத்தே உங்களுக்குச் சாட்சி.