நாடியை எண்ணுவது யார்?

சென்ற மாதம் எமது பாடசாலையின் ஆசிரியர் கூடத்திலே ஒரு விவாதம் மூண்டது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் நெடுந்தூர ஓட்டக் குழுவுக்கென ஒரு தொகைப் பணம் அனுப்ப முன்வந்திருந்தனர். குழுவிலுள்ள எட்டு மாணவர்க்கும் இதயத் துடிப்பை அளக்கும் ஓட்டக் கைக்கடிகாரம் ஆளுக்கொன்று வாங்கிவிட வேண்டும் என ஒரு சாரார் வாதித்தனர். நான் எதிர்த்தேன். அதன் பயனாக 'விஞ்ஞான விரோதி' என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. தமிழ் படிப்பிப்பவனுக்குக் கருவிகளைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்குத் துணைநிற்பதாக எண்ணிப் பேசிய ஒரு நண்பரையும் இங்கு மறுத்தாக வேண்டும். "இவையெல்லாம் பணக்காரரின் விளையாட்டுச் சாமான், ஏழைப் பிள்ளை வெறுங்காலோடு ஓடியே உலகை வெல்வான்" என்றார் அவர். எதியோப்பிய வீரர் அபேபே பிகிலாவை உதாரணம் காட்டினார். உண்மைதான், 1960இல் ரோமாபுரியிலே பிகிலா வெறுங்காலோடு ஓடி மரதன் ஓட்டத்தில் வென்றார். ஆனால் 1964இல் தோக்கியோவிலே அதே பிகிலா சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் வென்றார் என்பதை நண்பர் சொல்லவில்லை. வறுமையை வீரமாக்கிப் பாடுவது வறியவனுக்குச் செய்யும் தொண்டு ஆகாது. நல்ல கருவி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். எது நல்ல கருவி என்பதே கேள்வி.

இக்கருவிகள் இரு வகையின. ஒன்று நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி. இதயம் சுருங்கும்போது எழும் மின் அலையை அது நேரே பற்றிக் கைக்கடிகாரத்துக்கு அனுப்புகிறது. கம்பியின்றி இதைச் செய்யும் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்றது இன்று கடைதோறும் மின்னுவது. கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. குருதி அவ்வொளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதியின் அளவு கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித் துடிப்பைக் கணிக்கிறது கருவி. தத்துவம் புதியதன்று, 1930களிலேயே ஆய்வுகூடத்தில் அறியப்பட்டது. இருந்த இடத்திலே அசையாது இருப்பவனுக்கு இது பெரும்பாலும் செவ்வையாக வேலை செய்யும். ஆனால், ஓடுபவன் அசையாது இருப்பதில்லையே! கை வீசும்போது பட்டி நெகிழ்கிறது, வெளிச்சம் புகுகிறது, தசையும் குருதியும் அடியெடுத்து வைக்கும் தாளத்துக்கு அதிர்கின்றன. அப்போது கருவி நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். இதை நான் நூலிலே படித்தறியுமுன் என் கண்ணாலேயே கண்டேன்.

எமது குழுவிலே 16 வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தந்தை கடற்றொழிலாளி. அவளுடைய திறமையை அளந்து பார்க்க விரும்பிய பயிற்றுநர் தமது சொந்தக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையிலே கட்டினார். மெல்லோட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் கடிகாரம் 178 என்று காட்டிச் சிவந்தது. அவர் அவளை நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். மூன்றாம் நாள், "இதயத்திலே ஏதோ கோளாறு இருக்கும், வைத்தியரிடம் காட்டும் வரை ஓடக்கூடாது" என்றார். தாய் அழுதுகொண்டு பாடசாலைக்கு வந்தாள். மகளை இனி மைதானத்துக்கே அனுப்புவதில்லை என்ற முடிவோடு வந்தாள்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை சேர், நான் ஓடுவன்" என்றாள் சிறுமி. மூச்சிரைக்காமல், கதைத்துக்கொண்டே ஓடக்கூடியவளின் துடிப்பு 178ஆக இருப்பது எப்படி? வைத்தியரிடம் காட்டுவது காட்டுவதே, நல்லது. அதற்கு முன் ஒரு மெல்லோட்டம் ஓடச் சொன்னேன். நின்றதும் அவள் கழுத்திலே விரல் வைத்து 10 விநாடி எண்ணினேன், 24 துடிப்பு. நிமிடத்துக்கு 144. கடிகாரமோ அப்போதும் 170க்கு மேலே நின்றது. பின்பு அவளை மீண்டும் ஓடவிட்டு வலக்கால் மண்ணிலே படுவதை 30 விநாடி எண்ணினேன்; 45 முறை. இரு கால்களுக்கும் நிமிடத்துக்கு 180 அடி! அவளுடைய மெலிந்த மணிக்கட்டிலே கடைசித் துளையில் மாட்டியும் பட்டி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கடிகாரம் அவளுடைய இதயத்தைக் கேட்கவேயில்லை. அவளுடைய பாதத்தையே கேட்டது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. கடிகாரத்திலே பதியப்பட்டிருந்த வயது பயிற்றுநருடையது: 41. 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவனுடைய இதயத்தின் உச்ச எல்லை என்ற பழைய வாய்பாட்டின்படி அவருக்கு 179. 41 வயதினரின் எல்லையை 16 வயதுப் பிள்ளைக்கு விதித்து, காலடியை நாடியென எண்ணி, நோய் என்று தீர்ப்பும் வழங்கியாயிற்று. பயிற்றுநரை நான் குறை கூறவில்லை; அவர் அக்கறையுள்ளவர், சம்பளமின்றி மாலைப்பொழுதுகளை எமது பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். தம் கண்ணையும் அனுபவத்தையும் நம்பாமல் கண்ணாடித் துண்டிலே தோன்றிய எண்ணை நம்பும்படி அவரைப் பழக்கியது எது என்பதையே நான் கேட்கிறேன்.

அந்த வாய்பாடுதான் என்ன வேதவாக்கா? 1971இல் வெளியான ஓர் ஆய்வுரையோடு அது பரவியது. அதற்கு முறையான மூல ஆராய்ச்சி எதுவுமில்லை என்பதை 2002இல் ரொபேர்க்ஸ், லான்ட்வேர் என்னும் இருவர் அதன் வரலாற்றைத் துருவி எடுத்துக் காட்டினர். 2001இல் தனாக்காவும் குழுவினரும் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தனர்: வயதை 0.7ஆற் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. அதுவும் சராசரியே. ஒரே வயதினர் இருவரிடையே 10, 20 துடிப்பு வேறுபாடு இயற்கையாகவே இருக்கும். சராசரியைத் தனிமனிதன் தலைமேல் சட்டமாகச் சுமத்துவது விஞ்ஞானமன்று.

இங்கே நம் பக்கத்தவர் கூறும் ஒரு பிழையையும் திருத்திவிட வேண்டும். பச்சை ஒளி கறுத்த தோலிலே வேலை செய்யாது, ஆகவே இது வெள்ளையருக்கென்றே செய்த கருவி என்கின்றனர் சிலர். விரலிலே மாட்டிக் குருதியின் ஒட்சிசனை அளக்கும் கருவி கறுப்பின நோயாளரிடம் அதிகம் தவறியதை 2020இல் அமெரிக்க வைத்தியர்கள் நிறுவியது மெய். ஆனால் அதே ஆண்டில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 53 பேரிடம் மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, நாடி அளவீட்டிலே தோல்நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அவர்கள் கண்டது வேறு: ஓய்விலே இருந்ததைவிட இயக்கத்திலே பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது, கருவிக்குக் கருவி வேறுபட்டது. நமக்குச் சாதகமான பொய்யைவிட இந்த உண்மையே நம் வாதத்துக்குப் போதுமானது. ஓடுவதற்கென்று விற்கப்படும் கருவி ஓடும்போதே அதிகம் தவறுகிறது.

இனி, அளந்த எண் எங்கே போகிறது? கடிகாரத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு, அங்கிருந்து எங்கோ ஒரு கம்பனியின் கணினிக்கு. 2020 யூலையிலே கார்மின் நிறுவனத்தின் கணினிகளைக் கப்பக்காரர் முடக்கியபோது, உலகெங்கும் கார்மின் கடிகாரம் அணிந்தோர் தாம் ஓடிய கணக்கைப் பதிவேற்ற முடியாமல் நாட்கணக்கிற் காத்திருந்தனர். தம் நாடியைத் தாம் பார்க்க இன்னொருவனுடைய கதவு திறக்கவேண்டியிருந்தது! கூகிள் நிறுவனம் பிட்பிட் நிறுவனத்தை 210 கோடி டொலருக்குப் பேசி 2021இலே கையேற்றது. அக்கருவிகள் திரட்டும் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 10 ஆண்டுக்கு நிபந்தனை விதித்தது. யாருக்காக? ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்து மக்களுக்காக. பருத்தித்துறையிலோ பண்டாரவளையிலோ ஓடுபவனுடைய நாடிக்கு அந்த வேலி இல்லை. அமெரிக்க ஆயுட்காப்புறுதி நிறுவனமான ஜோன் ஹான்கொக், இனித் தனது காப்புறுதிகள் யாவும் இத்தகைய கருவிகளோடு இணைந்தவையாகவே இருக்கும் என 2018இல் அறிவித்தது. அந்த வழக்கம் நம் நாட்டுக்கு ஒருநாளும் வராது என்று எவராவது உறுதி கூறுவாரா?

பாதையும் பதிவாகிறது. ஸ்ட்ராவா என்ற நிறுவனம் ஓடுவோரின் பாதைகளைத் திரட்டி 2017இலே வெளியிட்ட படத்தில், அடுத்த ஆண்டு, அமெரிக்க இராணுவ முகாம்கள் பாலைவனத்தின் நடுவே துலங்கித் தெரிந்தன. இராணுவமே தன் இருப்பிடத்தை மறைக்க இயலாது போயிற்று. தினமும் விடியற்காலை ஒரே வேளையில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு அதே வாசலுக்குத் திரும்பும் சிறுமியின் பாதையை ஊர் அறியக் கொடுப்பதா? இதைக் கூட்டத்திலே கேட்டேன். மறுமொழி வரவில்லை.

அப்படியானால் எதைத் தெரிவது? நெஞ்சுப்பட்டியைத் தெரிக. அது நாடியைக் கேட்கிறது, காலைக் கேட்பதில்லை. விலையும் நல்ல கடிகாரத்தைவிடக் குறைவு; கடிகாரம் ஒன்றின் விலையோ என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பட்டியைக் கழுவி, முறைவைத்துப் பலர் அணியலாம். காசளவு மின்கலத்தை எவரும் மாற்றிவிடலாம். கண்ணிலே உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு கடிகாரம் திருத்தும் நம்மூர்க் கைவினைஞனிடம் அந்தப் பச்சைக் கண் கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். உறையைத் திறக்கவே தயங்குவான். கடிகாரந்தான் வேண்டுமென்றால், நெஞ்சுப்பட்டியோடு இணையக் கூடியதா, தகவலைக் கம்பனியின் வாசலுக்குப் போகாமலே எடுத்துக்கொள்ளலாமா, உச்ச எல்லையை நாமே பதியலாமா என்று கேட்டு வாங்குக. குருதியின் ஒட்சிசன், மன அழுத்தம், நித்திரைப் புள்ளி என்று பெட்டியிலே அச்சிட்டிருப்பவற்றுக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்.

வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் கூட்டம். எனது பிரேரணை எழுத்திலே கொடுக்கப்பட்டுள்ளது: நெஞ்சுப்பட்டி இரண்டு, அவற்றோடு இணையும் எளிய கடிகாரம் ஒன்று, குழுவுக்குப் பொதுவாக, எட்டுச் சோடி சப்பாத்து, எஞ்சிய பணம் பயிற்சி நாட்களில் பயறும் முட்டையும் பாலும் கொடுக்க. எட்டுப் பேரில் மூவர் வெறுவயிற்றோடு காலைப் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பதை எந்தக் கடிகாரமும் எமக்கு அறிவிக்கவில்லை. கேட்டபோது அவர்களே சொன்னார்கள். எட்டுக் கடிகாரமும் எட்டுப் பிள்ளைகளும் நிற்கும் புகைப்படம் வெளிநாட்டுக்கு அனுப்ப அழகாயிருக்கும் என்று ஒருவர் கூட்டத்திலே வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய நேர்மையை நான் பாராட்டுகிறேன்.

சிறுமியை வைத்தியர் பார்த்துவிட்டார், குறையேதுமில்லை. மீண்டும் ஓடுகிறாள். தாயும் இரண்டு நாள் மைதானத்து வேலியோரம் வந்து நின்றாள். இப்போது அவள் காலையிலே பாயிலிருந்து எழுமுன் கழுத்திலே விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிக் கொப்பியிலே குறித்துவருகிறாள். சென்ற திங்கட்கிழமை 58. செவ்வாய் 59. புதன்கிழமை 66, அன்று தடிமன் பிடித்திருந்தது, தானாகவே ஓடாமல் விட்டாள்.