வீதிப் பாதுகாப்பு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி அதிகாலையில் கொத்மலை, கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு கண்ணீர் வடித்தது. அனுதாபச் செய்திகள் குவிந்தன. நான்கு மாதங்கள் நிறையுமுன், செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் மற்றுமொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மடிந்தனர். மீண்டும் அதே கண்ணீர், அதே அனுதாபம்!

இவை நாடறிந்த சாவுகள். நாடறியாத சாவுகளோ நாள்தோறும் நிகழ்கின்றன. சந்தைக்கு நடந்து சென்ற முதியவரும், மோட்டார்ச் சைக்கிளில் வேலைக்குச் சென்ற வாலிபரும் ஒருவர் ஒருவராக மடிகின்றனர். வீதிகளில் மாள்வோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோருமே. அவர்களுக்காக விசாரணைக் குழு அமைவதில்லை.

வீதி மரணங்களை 2020ஆம் ஆண்டுக்குள் அரைவாசியாகக் குறைப்பதென 2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் உறுதி பூண்டன. இலங்கையும் அவற்றுள் ஒன்று. நடந்தது என்ன? 2016, 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் நம் வீதிகளில் மாண்டனர். 2020இல் தொகை சற்றுக் குறைந்தது. அது திட்டத்தின் வெற்றியன்று, ஊரடங்கின் விளைவு. அதன்பின், 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் தொகை 2,000க்குக் கீழ் இறங்கவில்லை. தவணை தவறிய கடன்காரன் புதுத் தவணை கேட்பது போல, அதே இலக்கு இப்போது 2030க்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதிலும் பாதிக் காலம் கழிந்துவிட்டது!

இலக்கு எட்டவொண்ணாதது என்று எவரும் சாக்குச் சொல்ல வேண்டாம். 2010க்கும் 2021க்கும் இடையில் பத்து நாடுகள் வீதி மரணங்களை அரைவாசிக்கு மேல் குறைத்தன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. யப்பான், நோர்வே, டென்மார்க் மட்டுமல்ல, சின்னஞ்சிறு புரூணையும் அவற்றுள் அடங்கும்.

நம் நாட்டிலோ எந்த விபத்துக்கும் ஒரே விடைதான்: “சாரதியின் கவனயீனம்.” சாரதி தவறு செய்யலாம், மனிதன் தவறு செய்பவனே. அத்தவறுக்கு மரணமே தண்டனையாகாதவாறு வீதியை அமைப்பதே அரசின் கடமை என்று 1997இலேயே சுவீடன் பாராளுமன்றம் தீர்மானித்தது. மலைவளைவிற் பலமான தடுப்பு, பாடசாலை வாயிலில் தாழ்ந்த வேகம், பாதசாரிக்குத் தனி நடைபாதை, பழுதற்ற தடுப்புக்கருவி கொண்ட பஸ், சாரதிக்குப் போதிய ஓய்வு: இவையெல்லாம் சாரதி ஒருவரின் கையிலா இருக்கின்றன?

தேசிய வீதிப் பாதுகாப்புச் சபை இருக்கிறது; மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது; பொலிசாரும் அதிகார சபையும் இருக்கின்றனர். இல்லாதது பொறுப்புக் கூறுவோர்தான். எத்தனை கூட்டங்கள் கூடின, எத்தனை வாரங்கள் கொண்டாடப்பட்டன, எவ்வளவு தண்டப்பணம் சேர்ந்தது என்பன முன்னேற்றத்தின் அளவுகோல்கள் அல்ல. சென்ற ஆண்டிலும் பார்க்க இவ்வாண்டு எத்தனை உயிர்கள் தப்பின என்பதே அளவுகோல்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு இந்த உயிர்க் கணக்கும் பாராளுமன்றத்தில் வைக்கப்படட்டும். எந்த மாவட்டத்தில், எந்த வீதியில், எத்தனை பேர் மாண்டனர். ஆபத்தான இடங்களுள் எவை திருத்தப்பட்டன, எவை திருத்தப்படவில்லை, ஏன் என்று அமைச்சர் எழுந்து விடை கூறட்டும். பணக் கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் விளக்கம் கேட்கும் சபை, ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் கணக்குக் கேளாதிருப்பது எந்த நியாயம்?